முதலில் எல்லாரும் வந்து நிற்கட்டும்

நான் எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் சரியாக ஓடிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு வேலை போய்விடும். அந்த ஒருவர் நான்தான். பாதி வேலை முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், எடுத்த வேலையை அரைகுறையாகப் போட்டுவிட்டு எழுந்து வர எனக்கு வராது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அம்மா இதைப் பிடிவாதம் என்பாள். எங்கள் முதலாளி கொழுப்பு என்பார். இரண்டுமே பொய்யில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பின் மெயின் பஜாரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இரண்டு அறைகள், நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கில் ஒன்று எப்போதும் மூடி கழற்றப்பட்டு மேசைமேல் கிடக்கும். பதினொரு மணிக்குக் கீழேயிருந்து பப்ஸ் வேகும் வாசனை ஏறி வந்துவிட்டால் யாருக்கும் வேலை ஓடாது. பிராட்பேண்ட் இணைப்பு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதற்கு முன் அதே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். பிளாக்குக்கு ஒரு சென்டர் முளைத்ததும் போர்டை மாற்றிவிட்டு, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் செய்து தரத் தொடங்கினார்.

அவரையும் சேர்த்து நாங்கள் மூன்றே பேர். இன்னொருவர் இன்ஜினியரிங் முடித்த பையன். அப்பா அனல்மின் நிலையத்தில் பர்மனன்ட், குடியிருப்பது குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். நான் முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி இருக்கும் ஒரு தெருவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அப்பா கம்மாபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போவார். அம்மா முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், விரல் தோலெல்லாம் வெந்துபோகிறது என்று அதை விட்டுவிட்டு டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெருக்கூட்டும் வேலைக்கு வந்தாள். அதுவும் ஆகிவிட்டது பல வருடம்.

தம்பிக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுத்தார் சார். நான் சென்டர் காலத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுக்க வந்தவள். வந்த நாளுக்குச் சம்பளம், வராத நாளுக்கு இல்லை. சென்டர் போய் மென்பொருள் கம்பெனி ஆன பிறகும், டைப்பிங் போய் நான் நிரல் எழுதத் தொடங்கிய பிறகும் அந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. நெய்வேலியில் ஒரு ஆளைப் பற்றி விசாரித்தால் பெயருக்கு முன்னால் வரும் கேள்வி, பர்மனன்ட்டா, கான்ட்ராக்டா என்பதுதான். பெண் கொடுப்பதற்கு, கடன் கொடுப்பதற்கு, திருவிழாவில் நாற்காலி கொடுப்பதற்குக்கூட அதைத்தான் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே உடம்பு எரியும்.

அப்போது எங்கள் மென்பொருளை ஆறு பள்ளிகள் வாங்கியிருந்தன. முதல் பள்ளிக்காக எழுதியதை இரண்டாவது பள்ளி கேட்டபோது, மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுத்து, அவர்களுக்கு வேண்டியபடி அங்கங்கே திருத்திக் கொடுத்தோம். மூன்றாவது பள்ளி ஹாஸ்டல் கேட்டது. இன்னொரு காப்பி. இப்படி ஆறு காப்பி. ஒன்றில் ஒரு தப்பைத் திருத்தினால் மற்ற ஐந்திலும் அதே தப்பு அப்படியே இருக்கும். ஐந்திலும் போய்த் திருத்தினால் ஒன்றில் வேறு எதையாவது கெடுத்துவிட்டு வருவோம். காலையில் வந்ததும் போன் அடிக்கத் தொடங்கும். எந்தப் பள்ளி, எந்தக் காப்பி என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த போன் வந்துவிடும்.

ஒருநாள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பள்ளியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தையின் ரசீதில் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கட்டணம் ஏறிவிட்டது. அந்தப் பள்ளியில் ஹாஸ்டலே கிடையாது. ஹாஸ்டல் வைத்த காப்பியிலிருந்து எதையோ எடுத்து ஒட்டியதில் வந்த வினை. குழந்தையின் அப்பா பள்ளி வாசலில் நின்று, "எம் புள்ள மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வூட்டுக்கு வந்துடுது, ராத்திரி சோறு யாருக்குய்யா போட்டீங்க?" என்று ஊரைக் கூட்டிவிட்டார். தலைமையாசிரியை அவரை அனுப்பிவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். அன்று நான் வாங்கிய திட்டு காதில் இருக்கும்போதே சாரிடம் போய் நின்றேன்.

"சார், இந்தக் காப்பி வேலை வேணாம். ஒரே ஒரு புரோகிராம் வெச்சுக்கலாம். ஸ்கூலுக்கு எது வேணுமோ அத மட்டும் ஆன் பண்ணிக் குடுக்கற மாதிரி நான் எழுதறேன்."

"எழுதிடுவியா?"

"எழுதிடுவேன்."

"போன் வேலையும் பாத்துகிட்டே எழுதணும். ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடியணும்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஃபிரேம்வொர்க்கை இறக்கிப் படித்தேன். ஃபிரேம்வொர்க் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எந்த இணையதளத்துக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். நம்முடைய வேலைகளைத் தனித்தனி மாட்யூலாக எழுதி அதற்குள் வைக்க வேண்டும். மாணவர் விவரம் ஒரு மாட்யூல், கட்டணம் ஒன்று, ஹாஸ்டல் ஒன்று, பஸ் ஒன்று, மதிப்பெண் ஒன்று. பள்ளிக்கு ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல் இருக்கும். இந்தப் பள்ளிக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று அதில் எழுதிவைத்தால், யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஃபிரேம்வொர்க் அதைப் படித்து வேண்டிய மாட்யூல்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும். ஹாஸ்டல் இல்லாத ஊரில் ஹாஸ்டல் மாட்யூல் எழுந்தே வராது. படித்தபோது எனக்குப் பசி தீர்ந்த மாதிரி இருந்தது.

பழைய ஆறு காப்பிகளையும் பிரித்துப் போட்டு எதெது எந்த மாட்யூல் என்று பங்கு பிரிப்பதற்கே வாரக்கணக்கில் ஆனது. தம்பி உதவி செய்தார், ஆனால் அவருக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. அவருக்குப் பிடித்தது பள்ளிகளுக்குப் போய் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். போனால் காபி கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும்.

மாணவர் விவரம், மதிப்பெண் இரண்டும் ஓடத் தொடங்கியிருந்த சமயம். கீழே போய் இரண்டு பப்ஸ் வாங்கி வந்த தம்பி, ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு நெளிந்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க தம்பி."

"இது முடிஞ்சிட்டா ஒரு ஆளே போதும்னு சார் நேத்து போன்ல பேசிட்டிருந்தாரு. ஆறு காப்பி இருக்கறதாலதான் ரெண்டு பேரை வெச்சிருக்கேன், ஒண்ணா ஆயிட்டா டெய்லி வேஜஸ நிறுத்திடலாம்னாரு. கொஞ்சம் மெதுவாவே பண்ணுங்களேன்."

பப்ஸைக் கீழே வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. தம்பி மேல் வரவில்லை, அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். சார் மேல் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது. என் வேலைக்கு நானே குழி தோண்டிக்கொண்டிருந்தேன், அதுவும் அத்தனை மும்முரமாக. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். மெதுவாகச் செய்யலாம், அங்கங்கே எனக்கு மட்டும் புரிகிற மாதிரி முடிச்சுப் போட்டு வைக்கலாம். அப்படிச் செய்த ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த எல்.கே.ஜி. குழந்தையின் ரசீதை நினைத்தால் எனக்கு அந்தப் பழைய காப்பிகளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். முடிப்பேன். முடித்துவிட்டு, என்னை எப்படி அனுப்புகிறார் என்று நேருக்கு நேர் நின்று பார்ப்பேன்.

அதன்பின் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சில மாட்யூல்களுக்கு இன்னொரு மாட்யூலின் தயவு வேண்டும். பஸ்ஸில் வரும் பிள்ளைக்குக் கட்டணம் போட, அது எந்த ஸ்டாப் என்று பஸ் மாட்யூலைக் கேட்க வேண்டும். கேட்கும்போது அது இன்னும் ஏறியிருக்காவிட்டால் என்ன செய்வது? இதற்குத் தம்பிதான் வழி சொன்னார்.

"ரிலீவர் மாதிரி வெச்சிடலாம்க்கா."

பவர் ஹவுஸில் அப்படித்தான் விதி. ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள் வந்து பொறுப்பை ஏற்கும் வரை இருக்கையை விட்டு எழக் கூடாது. அந்த அடுத்த ஆளுக்குப் பெயர் ரிலீவர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று ரிலீவர் வராமல், தம்பியின் அப்பா மறுநாள்தான் வீடு திரும்பினாராம். வெட்டாத கேக்கைச் சுற்றி எறும்பு வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். டவுன்ஷிப்பில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள், பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. தனக்கு வேண்டிய மாட்யூல் வந்து, தன் தொடக்க வேலையை முழுக்க முடித்து, தயார் என்று சொல்லும் வரை எந்த மாட்யூலும் அடுத்த அடி வைக்கக் கூடாது. அப்படியே எழுதினேன். இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை அவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

சின்னப் பள்ளிகளின் கான்ஃபிக் ஃபைலை வைத்துப் பார்த்தோம். அழகாக ஓடியது. சார் தோளைக் குலுக்கி, "பரவால்லயே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. ஆறு பள்ளிகளில் பெரியது விருத்தாசலம் பக்கம் இருந்தது. அதற்கு எல்லா மாட்யூலும் வேண்டும். பஸ் மாட்யூல் கேட்டது அவர்கள் மட்டும்தான். அதை இங்கே ஓட்டிப் பார்க்காமல் நேராக அங்கேயே எடுத்துக்கொண்டு போனோம். சாருக்கு அவசரம். எனக்குத் திமிர்.

தாளாளரின் அறையில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. நான் அவருடைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, கான்ஃபிக் ஃபைலில் அத்தனை மாட்யூலையும் ஆன் செய்து, பக்கத்தைத் திறந்தேன். திரை வெள்ளையாக வந்தது. ஒரு எழுத்தில்லை. மறுபடி திறந்தேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடியும் வெள்ளையையே காட்டியது.

தாளாளர் திரையை எட்டிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்குங்களே. இதுல எங்க எழுதறது?" என்றார்.

சார் சிரித்து மழுப்பினார். தம்பி சட்டென்று பழைய காப்பியைத் திறந்து காட்டி, இன்றைக்கு இதில் பாருங்கள், புதியது திங்கட்கிழமை வரும் என்று சமாளித்தார். திரும்பி வரும்போது சார்தான் கார் ஓட்டினார். பாதி வழியில் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாரு. வரலைன்னா பழைய காப்பியே ஓடட்டும். இதுக்கு மேல நேரம் செலவு பண்ண முடியாது."

நான் பின் சீட்டில் இருந்தேன். வேலை முடிந்தால் என்னை அனுப்பப் போகிறார், முடியாவிட்டாலும் இத்தனை நாள் நேரத்தை வீணடித்தவள் என்று அனுப்பலாம். எப்படிப் பார்த்தாலும் போகப் போவது நான்தான் என்றால், முடித்துவிட்டே போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒவ்வொரு மாட்யூலும் தொடங்கும்போது தன் பெயரைத் திரையில் எழுதும்படி வைத்துவிட்டு ஓட்டினேன். கட்டணம் என்று வந்தது. அடுத்து பஸ். அடுத்து கட்டணம். அடுத்து பஸ். கட்டணம், பஸ், கட்டணம், பஸ் என்று திரை நிரம்பி வழிந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. கட்டணம் போட ஸ்டாப் வேண்டும் என்று கட்டண மாட்யூல் பஸ்ஸைக் கூப்பிடுகிறது. கட்டணம் கட்டிய பிள்ளைகளை மட்டும் வண்டியில் சேர்க்க வேண்டும் என்று பஸ் மாட்யூல் கட்டணத்தைக் கூப்பிடுகிறது. நீ தயாரானால்தான் நான் என்று அதுவும், நீ தயாரானால்தான் நான் என்று இதுவும். நினைவகம் தீர்ந்து செத்துப்போகும் வரை இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அதைத்தான் தாளாளர் சுத்தமாக இருக்கிறது என்றார்.

ஃபைலில் வரிசையை மாற்றிப் பார்த்தேன். பஸ்ஸை முன்னால் போட்டால், திரையில் பஸ், கட்டணம் என்று தலைகீழாக நிரம்பியது. அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி பஸ் மாட்யூலையே விட்டுவிடலாம் என்றார். "அந்த ஆளு பஸ்ஸுக்காகத்தான் நம்மகிட்ட இருக்காரு" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அதற்கு மறுநாள் காலை, வழக்கம்போல அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். வழியில் ஒரு பிளாக்கின் தண்ணீர் டேங்க் அருகே அம்மா இறங்கிக்கொள்வாள். கான்ட்ராக்ட் ஆட்கள் அங்கே வரிசையாக நிற்பார்கள். சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பார். அதற்கு மஸ்டர் என்று பெயர். கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. தினமும் பார்க்கிற காட்சி என்பதால் நான் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். அன்று பஸ் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. சூப்பர்வைசர் பெயர்களை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் எந்த வேலையும் சொல்லவில்லை.

எனக்குக் கல்லூரி விடுமுறை ஞாபகம் வந்தது. அம்மாவோடு நானும் அந்த வரிசையில் நின்று சருகு அள்ளப் போயிருக்கிறேன். ஒருமுறை புதிதாக வந்த சூப்பர்வைசர், நேரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, வர வர ஆளுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்பினார். முதலில் வந்த இருவரைத் தள்ளுவண்டியோடு அனுப்பி, மண்வெட்டி வந்ததும் வேலையைத் தொடங்குங்கள் என்றார். பிறகு வந்த ஆளிடம், ஸ்டோரில் மண்வெட்டிகளை எடுத்து வை, வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். வண்டி ஒரு பிளாக்கில் மண்வெட்டிக்காகக் காத்திருந்தது. மண்வெட்டி ஸ்டோர் வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் வரை அந்த மண்வெட்டிகளோடு நின்றவள் நான்தான். மேலதிகாரி வந்து அந்தச் சூப்பர்வைசரைக் கிழித்துத் தொங்கவிட்டார். மறுநாளிலிருந்து பழையபடி, முதலில் எல்லாரும் வந்து நிற்கட்டும், பெயர் கொடுக்கட்டும், பிறகுதான் வேலை.

பஸ் நகர்ந்தது. எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு மாட்யூலின் தொடக்கத்தையும் இரண்டாக வெட்டினேன். முதல் பாதியில் தன் பெயரையும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவரை எதுவும் கேட்கக் கூடாது. கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் அத்தனை மாட்யூலும் இப்படிப் பெயர் கொடுத்து முடித்த பிறகுதான் இரண்டாம் பாதி தொடங்கும். அப்போது யார் யாரைக் கேட்டாலும் கேட்கப்பட்ட ஆள் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். காத்திருக்கச் சொல்லி நான் எழுதியிருந்த வரிகளை எல்லாம் தேடித் தேடி அழித்தேன். ரிலீவரைத் தூக்கிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னபோது, "எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றார்.

கீழே பப்ஸ் வேகத் தொடங்கும் நேரத்தில் விருத்தாசலத்தின் ஃபைலை வைத்து ஓட்டினேன். பள்ளியின் பெயர் தலைப்பில் வந்தது. இடது பக்கத்தில் மாணவர், கட்டணம், ஹாஸ்டல், பஸ், மதிப்பெண் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பஸ்ஸைத் தொட்டேன், திறந்தது. கட்டணத்தைத் தொட்டேன், திறந்தது. நான் கத்திய கத்தலில் பேக்கரிக்காரர் படியேறி வந்து என்னவோ ஏதோ என்று பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் எந்த வேலையிலும் வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை சார் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, கிளம்பலாமா என்றார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும். இது முடிஞ்சதும் என்னை நிறுத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

சாவி நின்றது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப கேள்விப்பட்ட?"

"பாதி வேலையிலயே."

"தெரிஞ்சுகிட்டேதான் முடிச்சியா? ஏன்?"

"வேலையாச்சே சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பொய் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. "ஆமாம்மா. ஆறு ஸ்கூலுக்கு இனிமே ஒரு ஆள் போதும். நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

"ஆறு ஸ்கூலுக்கு ஒரு ஆள் போதும். இருபது ஸ்கூலுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். புதிய கான்ஃபிக் ஃபைல் ஒன்றைத் திறந்து, நெய்வேலி மாதிரி நர்சரிப் பள்ளி என்று ஒரு கற்பனைப் பெயர் போட்டேன். மாணவர் வேண்டும், கட்டணம் வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம். பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெயரோடு, அந்த இரண்டு மாட்யூலோடு ஒரு புதிய பள்ளி வந்து நின்றது. முன்பெல்லாம் ஒரு பள்ளியைச் சேர்க்க மாதம் ஆகும். அவருடைய மேசையில் டீ இன்னும் ஆவி அடங்காமல் இருந்தது.

"தம்பி ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பேசட்டும், சொல்லிக்குடுக்கட்டும். அவருக்கு அதுதான் நல்லா வருது. நான் உள்ளே இருந்து இதைப் பாத்துக்கறேன். ஆனா இனிமே வந்த நாளுக்குச் சம்பளம்னா நான் வரமாட்டேன். முதல்ல என் பேரைச் சேருங்க, அப்புறம் வேலையச் சொல்லுங்க."

சார் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மஸ்டர்ல நிக்கற மாதிரி பேசறியே."

"நின்னிருக்கேன் சார்."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையில் இருந்த இல்லாத பள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன், அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் எழுந்து தன் கம்ப்யூட்டருக்குப் போய், தம்பியின் பழைய ஆர்டரைத் திறந்து, காப்பி எடுத்து, பெயரை மாற்றி, பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியில் என்னைத் திரு என்றும், இன்னாருடைய மகன் என்றும் போட்டிருந்தது.

"காப்பி எடுத்தா இப்படித்தான் சார் ஆகும்" என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது முறை சரியாக வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

தாளாளரின் அறையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பஸ் பக்கத்தைத் திறந்து ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்த அவர், இப்போது எழுத இடமே இல்லையே என்றார். அந்தக் கிண்டலுக்கு நான் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் தாளை நீட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, சீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பர்மனன்ட்டா?"

"ஆமாம்மா."

"அப்ப தெனம் போயி, இன்னிக்கி வேல உண்டா இல்லையான்னு பாத்துகினு நிக்க வேணாமா?"

"வேணாம்மா. பேரு சேத்தாச்சு."

அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே, "நல்லாருடி" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஒரே பஸ். தண்ணீர் டேங்க் வந்ததும் அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் இறங்காமல் ஜன்னல் ஓரம் இருந்தேன். டிரைவர் யாருக்காகவோ வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். அம்மா வேகமாக நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அம்மாவின் பெயர் வந்தது. அவள் கையை உயரத் தூக்கி, பஸ்ஸில் இருந்த எனக்கே கேட்கும்படி, "இருக்கேங்க" என்றாள்.